கடலுக்கு இரண்டு இலக்கங்கள்

மாகிரட் அக்கா இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் பிறந்தவர். அவருடைய தகப்பன் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதும் வேலை போய், குடும்பம் நிலாவெளிப் பக்கம் வந்து குடியேறியது. அக்கா பட்டணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, தட்டச்சுப் பழகி, கப்பல் முகவர் ஒருவரின் கந்தோரில் ரெலிபிரிண்டர் அடிக்கிற வேலைக்குப் போனார். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, என்ன சாமான் ஏற்றி வருகிறது என்று உலகத்தின் எல்லாத் துறைமுகங்களோடும் அவருடைய விரல்கள் கதைத்துக்கொண்டிருந்தன. பிறகு கப்பல் வரத்துக் குறைந்து அந்தக் கந்தோரைப் பூட்டினார்கள். கரைவலை இழுக்கிற மைக்கலைக் கலியாணம் செய்து இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் இருந்தவரைத்தான், 1981இல் எங்கள் கந்தோருக்கு எடுத்தார்கள்.

எங்கள் கந்தோர் உட்துறைமுகக் கரையில், கடற்படையின் பழைய சாமான் கட்டிடம் ஒன்றில் இருந்தது. பெரிய கப்பல்களுக்கு ஒரு புதிய இறங்குதுறையை எங்கே கட்டலாம் என்று கடலை அளந்து சொல்வதுதான் வேலை. எஞ்சினியர் அபூதாஹிர் கிண்ணியாக்காரர், அக்காவைவிட நாலைந்து வயது இளையவர். நான் படவரைஞன், கலீலுர் றஹ்மான். மூதூரிலிருந்து லோஞ்சில், அதாவது மோட்டார்ப் படகில், வந்துபோவேன். வெளிநாட்டு உதவியில் ஒரு கொம்பியூட்டர் வந்திருந்தது. இரண்டு அலுமாரி அளவு. அதற்கு மட்டும்தான் கட்டிடத்தில் குளிரூட்டி. அதோடு கதைக்கிற இயந்திரம் ஏறத்தாழ ரெலிபிரிண்டர் போலவே இருந்ததால், அக்கா முதல் நாளே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவரை அசரவைத்தது தாளில் வந்த ஒரு பட்டியல். கொம்பியூட்டருக்குள் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று அவர் கேட்டிருந்தார். ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு முன்னாலும் அது எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்கு வந்தது. ஓரிடத்தில் மட்டும், ஒரு கூட்டம் கோப்புகளுக்கு அந்தக் கணக்கு இல்லை. அதற்குப் பதிலாக, காற்புள்ளி போட்டுப் பிரித்த இரண்டு சின்ன இலக்கங்கள்.

"சேர், இதுகளுக்கு அளவு இல்லையோ?"

அபூதாஹிர் எட்டிப் பார்த்தார். "இல்லை அக்கா. அதுகள் கருவிக் கோப்புகள். உள்ளுக்கு ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லாத கோப்பை ஏன் வைச்சிருக்கு?"

"இந்த மெஷின் தன்னோட சேர்ந்த எல்லாத்தையும் கோப்பாத்தான் பாக்கும். அச்சடிக்கிற மெஷின் ஒரு கோப்பு. நாடா சுத்துற மெஷின் ஒரு கோப்பு. நீங்க அடிச்சுக்கொண்டிருக்கிற இதுவும் ஒரு கோப்பு. முதல் இலக்கம் எந்த டிரைவரிட்டப் போகவேணும் எண்டு சொல்லும். ரெண்டாவது, அந்த டிரைவரிட்ட இருக்கிற கருவிகளுக்குள்ள எது எண்டு சொல்லும்."

டிரைவர் என்றதும் நான் சிரித்துவிட்டேன். அவர் எனக்கும் சேர்த்து விளங்கப்படுத்தினார். அது ஒரு சின்னப் புரோகிராம். ஒரு கருவியோடு எப்படிக் கதைப்பது என்று அதற்கு மட்டும்தான் தெரியும். மற்றப் புரோகிராம்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கோப்பைத் திறந்து வாசிக்கும், எழுதும், மூடும். அவ்வளவுதான்.

அக்கா ஒரு வரி அடித்தார்: தன்னுடைய பெயரை ஆங்கில எழுத்தில், அச்சு இயந்திரத்தின் கோப்புக்கு. அறையின் மற்ற மூலையில் சும்மா கிடந்த இயந்திரம் சடசடவென்று எழும்பி 'மாகிரட்' என்று அடித்துவிட்டு ஓய்ந்தது. அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

"நான் கோப்பிலதானே எழுதினனான்," என்றார் மெதுவாக. போய் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்து, மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் ஒரு புதுக் கருவியைப் பூட்டுவது பெரிய பாடு. அதன் டிரைவரைச் சேர்ப்பதற்கு இயக்க முறைமை முழுவதையும் மறுபடி கட்டவேண்டும்; மெஷினை நிற்பாட்டி, புதிதாக எழுப்பவேண்டும். ஒரு எழுத்துப் பிழைத்தால் அது எழும்பாது. அபூதாஹிர் அலையேற்ற மானிக்கு, அதுதான் கந்தோருக்கு முன்னால் மரத்துறையில் கடல்மட்டத்தை அளக்கிற மிதவைக் கருவிக்கு, தானே ஒரு டிரைவர் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பகல் போய்விடும்.

அப்போதுதான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு நாடாச் சுருள் வந்தது. அங்கே உள்ளவர்கள் இயக்க முறைமையைத் திருத்தியிருந்தார்கள். இனி மெஷினை நிற்பாட்டத் தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவரை ஏற்றலாம், இறக்கலாம்.

எனக்கு அது நம்பக்கூடியதாக இல்லை. அக்காவுக்கும் இல்லை.

"ஓடுற பஸ்சில சில்லுப் பூட்டுற மாதிரியல்லோ கிடக்கு," என்றார்.

நாடாவைப் போட்டுப் பழைய முறைமைக்குப் பதிலாகப் புதியதை எழுப்பினோம். பிறகு நான் கேட்டிருந்த ஒரு நீண்ட காற்று அட்டவணையை அச்சடிக்கவிட்டார்கள். அது அடித்துக்கொண்டிருக்கும்போதே, அபூதாஹிர் சொல்லச் சொல்ல, அக்கா கட்டளையை அடித்தார். கடல் டிரைவரை ஏற்று. நான் அச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தடக்கும், தடுமாறும் என்று நினைத்தேன். அது வரி வரியாக அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவின் தாளில் ஒரு இலக்கம் வந்தது. மெஷின் புது டிரைவருக்குக் கொடுத்த இலக்கம் அது.

"சரி, இப்ப பேர் வைக்கவேணும்," என்றார் அபூதாஹிர்.

அக்கா ஆங்கில எழுத்தில் 'கடல்' என்று அடித்து, பக்கத்தில் அந்த இலக்கத்தையும், முதலாவது மானி என்பதற்கான இலக்கத்தையும் போட்டார். பிறகு அந்தக் கோப்பை வாசி என்று கேட்டார்.

தாள் நகரத் தொடங்கியது. ஒரு எண். அடுத்த எண். அடுத்தது. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. யன்னலுக்கு வெளியே, மரத்துறையின் கால்களைச் சுற்றித் தண்ணீர் தளம்பிக்கொண்டிருந்தது. உள்ளே அதே தண்ணீர் தாளில் இறங்கிக்கொண்டிருந்தது.

அக்காதான் முதலில் கேட்டார்.

"சேர், இந்தக் கோப்புக்கு முடிவு எங்க?"

"முடிவு இல்லை அக்கா. கடல் இருக்குமட்டும் வரும்."

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். பகிடிக்கல்ல. அவருடைய முகத்தை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து மூன்று பேருக்கும் வேலை சூடுபிடித்தது. கூரையில் இருந்த காற்றுமானிக்கும் ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் எழுதினார்கள். அபூதாஹிர் திருத்துவார், அக்கா பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவார். ஒரு நாளில் பல தடவை அது நடக்கும். நான் என் மேசையில் கோடு கீறிக்கொண்டிருப்பேன், ஒன்றும் தெரியாது.

ஒரு பின்னேரம் மைக்கல் அக்காவைக் கூட்டிப்போக வந்தார். நல்ல உயரம், வலைக்கயிறு இழுத்துத் தடித்த கைகள். கோயில் திருவிழாவுக்கு உடுப்பு வாங்கவேண்டும் என்று அவசரப்படுத்தினார். அக்கா கடைசியாக ஒரு திருத்தத்தைப் போட்டுவிட்டு வருகிறேன் என்றார். கடல் டிரைவரை இறக்கு என்று அடித்தார். மெஷின் மாட்டேன் என்றது. பாவனையில் இருக்கிறது என்று மறுமொழி. மறுபடியும் அடித்தார். அதே மறுமொழி.

"ஆரோ கோப்பைத் திறந்து வைச்சிருக்கினம்," என்றார் அபூதாஹிர். "ஒராள் வாசிச்சுக்கொண்டிருக்கேக்க டிரைவரை இறக்க ஏலாது. இறக்கினா அவரின்ட காலுக்குக் கீழ இருக்கிற பலகையை உருவின மாதிரி. அதுதான் மெஷின் விடாது."

"இஞ்ச நாங்க மூண்டு பேர்தானே இருக்கிறம்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பக்கத்து அறையில் கொம்பியூட்டரோடு பூட்டியிருந்த திரையில் கடலை ஓடவிட்டு, மைக்கலை அதற்கு முன்னால் உட்காரவைத்தவன் நான்தான். நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். அவர் கதிரையின் நுனியில், முழங்காலில் கை ஊன்றி, பச்சை எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ. நீங்க இருக்கிறதாலதான் என்ட வேலை நிக்குது."

மைக்கல் திரும்பவில்லை. "கொஞ்சம் பொறு மாகிரட். இது எங்கட துறைமுகத் தண்ணியோ?"

"ஓம்."

"இப்பத்தையோ? நேத்தையான் இல்லையோ?"

"இப்பத்தையான்தான்."

அவர் எழும்பி வெளியே மரத்துறைக்குப் போனார். தண்ணீரைப் பார்த்தார். திரும்பி வந்து திரையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் போனார். அந்தப் பின்னேரம் திருவிழா உடுப்பு வாங்கவில்லை.

வாசிப்பை நிறுத்தியதும் டிரைவர் சத்தமில்லாமல் இறங்கியது. பயன்படுத்துகிற ஒருவரைக்கூடக் கைவிடாமல் ஒரு மெஷின் காத்திருந்தது என்பதை அக்கா பிறகும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

ஒரு பெரிய பிழையும் நடந்தது. அபூதாஹிர் கொழும்புக்குப் போயிருந்த நேரம். மத்தியானம் மின்சாரம் நின்று திரும்ப வந்தது. அக்கா மெஷினை எழுப்பி, டிரைவர்களைக் கையால் ஏற்றினார். வழக்கமாகக் கடலை முதலில் ஏற்றுவார். அன்று காற்றை முதலில் ஏற்றிவிட்டார். டிரைவர்கள் வந்த ஒழுங்கில்தான் மெஷின் இலக்கம் கொடுக்கும். ஆனால் கோப்புகளைச் சேமிக்கிற வட்டில் இருந்த பெயர்களோ பழைய இலக்கங்களோடு அப்படியே கிடந்தன. அதனால் 'கடல்' என்ற கோப்பைத் திறந்தால் காற்று வந்தது. 'காற்று' என்ற கோப்பில் கடல் வந்தது. பெயர்கள் சரி, எண்கள் ஓடுகின்றன, மெஷின் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை.

நான் அந்த எண்களை வைத்துப் படம் கீறினேன். கடல்கோடு முள்ளு முள்ளாக வந்தது. கச்சான் காற்றின் வேலையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தநாள் காலை அக்கா வந்து தாளைப் பார்த்தார். ஒரு வரி முழுக்கப் பூச்சியம். அடுத்த வரியும் பூச்சியம்.

"தம்பி," என்று கூப்பிட்டார். "கடல் நிண்டுட்டுது."

இரண்டு பேரும் யன்னலடிக்கு ஓடினோம். தண்ணீர் வழக்கம்போல் அசைந்துகொண்டிருந்தது. கரையில் நின்ற தென்னையில் ஒரு ஓலை அசையவில்லை. அக்கா தென்னையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ மாதாவே, நிண்டது காத்து. நான் காத்தையல்லோ கடலெண்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறன்!"

நல்ல காலம், ஒன்றும் அழியவில்லை. இரண்டும் முழுமையாகப் பதிவாகியிருந்தன, பெயர்தான் மாறியிருந்தது. ஆனாலும் அக்கா அன்று சாப்பிடவில்லை. அபூதாஹிர் திரும்பி வந்ததும் அவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. தாளைப் பார்த்து மலைத்துப்போய் நின்றார்.

"பிழை உங்கட கையில இல்லை அக்கா. பேரை ஒருக்கா வைச்சா அது எப்பவும் செல்லும் எண்டு நாங்க நினைச்சம். அதுதான் பிழை."

"அப்ப, ஒவ்வொருக்கா எழும்பேக்கையும் பழைய பேரை அழிச்சுப்போட்டுப் புதுசா வைப்பம்," என்றார் அக்கா.

இருவரும் உட்கார்ந்து ஒரு சின்னக் கட்டளைத் தொடர் எழுதினார்கள். மெஷின் எழும்பியதும் அது தானாகவே டிரைவரை ஏற்றும். எந்த இலக்கம் கிடைத்தது என்று மெஷினிடமே கேட்கும். பழைய பெயரை அழிக்கும். கிடைத்த இலக்கத்தோடு அதே பெயரைத் திரும்ப உண்டாக்கும். அதற்குப் பிறகும் அக்காவுக்கு நிம்மதி இல்லை. ஒவ்வொரு முறையும் மரத்துறைக்குப் போய் மிதவையைக் கையால் தூக்கிவிட்டு, "என்ன வந்தது?" என்று சத்தம் போட்டுக் கேட்பார். எண் துள்ளியது என்று நான் சொன்னால்தான் உள்ளே வருவார்.

அடுத்த வருடம் சோபர் தீவின் பழைய துறையில் இரண்டாவது மானி பூட்டினோம். துறைமுகத்தின் மறுபக்கம் அது. வயர் இழுக்க ஏலாது என்பதால் வானொலி வழியாக எண்கள் வந்தன. அதற்கு வேறு டிரைவர். முதல் மானி ஓடிக்கொண்டிருக்க, அதை ஒரு நொடிகூட நிற்பாட்டாமல் இரண்டாவதை ஏற்றினார் அக்கா. 'கடல்' ஒன்று, 'கடல்' இரண்டு. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அடிக்கவிட்டார்கள்.

அதுவரைக்கும் நான் மணிக்கொரு எண்ணைத்தான் எடுத்துப் படம் கீறினேன். இடையில் வருகிற சின்ன ஏற்ற இறக்கத்தைச் சிற்றலை என்று விட்டுவிடுவேன். இப்போது இரண்டு நிரல்கள் ஒன்றாக இறங்கியதில் வேறொன்று தெரிந்தது. இந்தப் பக்கம் எண் மெல்ல மெல்ல ஏறும்போது அந்தப் பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அது ஏற, இது இறங்கியது. விரலளவுதான். ஆனால் தவறாமல்.

அபூதாஹிர் முகத்தைச் சுளித்தார். "ஒரே டிரைவரை ரெண்டு பெயரால கூப்பிடுறமோ? இல்லாட்டி என்ட புரோகிராமில கூட்டலும் கழித்தலும் மாறிப்போச்சோ?"

அக்கா இலக்கங்களைப் பார்த்தார். வேறு வேறுதான். டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றினார். அதே ஊசலாட்டம். அபூதாஹிர் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தார். பிழை இல்லை.

"நான் போய்த் தூக்கிப் பாக்கிறன்," என்றார் அக்கா.

எங்கள் வள்ளக்காரர் நிக்கலஸ் அண்ணையோடு அக்கா தீவுக்குப் போனார். நானும் ஏறிக்கொண்டேன். காற்று அடங்கிய காலை; துறைமுகம் கண்ணாடி போல் கிடந்தது. பழைய துறையில் இறங்கி, அக்கா கைவானொலியில் அபூதாஹிரைக் கூப்பிட்டுவிட்டு மிதவையைத் தூக்கினார்.

"ரெண்டாவது துள்ளினது," என்றது வானொலி. "முதலாவது அசையேல்லை. எல்லாம் சரி அக்கா."

அப்படியென்றால் கருவியில் பிழை இல்லை. டிரைவரில் பிழை இல்லை. பெயரில் பிழை இல்லை. அக்கா மிதவையை விட்டுவிட்டு, துறையின் காலில் அடித்திருந்த அளவுப் பலகையைப் பார்த்தபடி குந்தினார். நானும் பக்கத்தில் குந்தினேன். தண்ணீர் ஒரு கோட்டில் நின்றது. அலை இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க அது கீழே இறங்கியது. ஒட்டியிருந்த பாசியின் ஈரமான ஓரம் வெளியே தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"சேர்," என்றார் அக்கா வானொலியில், "உங்கட பக்கம் இப்ப ஏறுதோ?"

"ஏறுது."

தண்ணீர் நின்றது. பிறகு மெதுவாக ஏறத் தொடங்கி, பாசியை மூடியது.

"இப்ப இறங்குதோ?"

"இறங்குது அக்கா," என்றார் அபூதாஹிர். "துறைமுகம் முழுக்க ஆடுது. ஒரு பாத்திரத்தில தண்ணி ஆடுற மாதிரி. நான் இதைப் புத்தகத்தில படிச்சிருக்கிறன். வெளிக்கடல் தள்ளிவிட, உள்ளுக்க இருக்கிற தண்ணி தன்ட பாட்டில ஆடிக்கொண்டிருக்கும். இஞ்ச நடக்குது எண்டு எனக்குத் தெரியாது."

நிக்கலஸ் அண்ணை வள்ளத்தில் இருந்தபடி தண்ணீரை எட்டிப் பார்த்தார். "நானும் காணேல்லைப் பிள்ளை," என்றார். "எனக்கும் இண்டைக்குத்தான்."

மலைகள் சுற்றிவர நின்றன. அவ்வளவு பெரிய தண்ணீர்ப்பரப்பு, பார்க்க அசைவில்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அக்காவின் கண் கலங்கியிருந்தது. என்னிடம் திரும்பினார்.

"இந்தத் தண்ணிக்குப் பக்கத்திலதான் தம்பி பிறந்தனான். அப்பா இதிலதான் வேலை செய்தவர். இந்தத் தண்ணி ஒருக்காலும் சும்மா இருக்கயில்லை பாத்தியளோ."

பகல் ஏறும்வரை அங்கேயே இருந்தோம். நிக்கலஸ் அண்ணை திரும்பவேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

அந்த ஊசலாட்டம் அறிக்கையில் ஒரு முழு அத்தியாயமாக வந்தது. கட்டியிருக்கிற கப்பலை அது கயிற்றோடு இழுக்கும் என்பதால், புதிய இறங்குதுறைக்குப் பார்த்திருந்த இடத்தை மாற்றச் சொல்லி அபூதாஹிர் எழுதினார். எண்களைத் திரட்டியவர் என்று மாகிரட் அக்காவின் பெயரையும், படங்களின் கீழே என் பெயரையும் போட்டார். 1982 முடிவில் உதவி நின்றது, கந்தோரை மூடினார்கள். அபூதாஹிர் மேற்படிப்புக்குப் போனார். நான் கச்சேரியில், அரசாங்க அதிபரின் கந்தோரில், வேலைக்குச் சேர்ந்தேன்.

கொம்பியூட்டர் கொழும்பில் ஆற்று வெள்ளம் அளக்கிற ஒரு கந்தோருக்குப் போனது. அங்கே அதை எழுப்பியவர்களுக்குக் கருவிகளைச் சேர்க்கத் தெரியவில்லை. ஆள் அனுப்பி அக்காவைக் கேட்டார்கள். மைக்கல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன், போ என்றார். அக்கா சில கிழமைகள் கொழும்பில் தங்கி, மலைநாட்டில் களனி கங்கையின் கரையில் இருந்த மானியைத் தொலைபேசி வயர் வழியாகச் சேர்த்துக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். கையில் பை, தலை கலைந்திருந்தது, முகத்தில் ஒரே சந்தோஷம்.

"எப்பிடி அக்கா, ஆறு வந்ததோ?"

"வந்தது தம்பி. ஆறு வேற மாதிரி. கடல் மாதிரிப் போய்த் திரும்பி வராது. ஏறினால் ஏறினதுதான், பிறகு ஆறுதலா இறங்கும்." பையைக் கீழே வைத்தார். "ஒருநாள் கொழும்பில நல்ல வெயில். ஒரு முகில் இல்லை. நான் கோப்பைத் திறந்தன். எண் ஏறுது, ஏறுது, விடாமல் ஏறுது. நான் டிரைவரைப் பாத்தன், இலக்கத்தைப் பாத்தன், எல்லாம் சரி. அப்பதான் விளங்கினது, மேல மலையில எங்கயோ மழை கொட்டுது. அந்தத் தண்ணி இன்னும் வந்து சேரயில்லை. நான் வெயிலுக்குள்ள இருந்து அதைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நிலாவெளி பஸ் புறப்படத் தயாராக நின்றது. நடத்துநர் கூப்பிட்டார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறி, யன்னலால் தலையை நீட்டினார்.

"அடுத்த மாசம் இன்னொரு ஆத்துக்குக் கூப்பிட்டிருக்கினம்," என்றார்.